இருபத்தெட்டு ஆண்டுகள் எதிர் ஆசனத்தில்: கயானாவின் செட்டி ஜெகன்

ஒரு தேசத்தின் விடுதலை இயக்கத்துக்கு உருக்கொடுத்து, அங்கே சர்வஜன வாக்குரிமை வந்த பின் நடந்த முதல் மூன்று பொதுத் தேர்தல்களிலும் மற்றெல்லாக் கட்சிகளையும்விட மிகுதியான இடங்களை வென்று, ஆயினும் அத்தேசம் சுதந்திரம் எய்திய நாளில் ஆளும் ஆசனத்தில் அல்லாமல் எதிர்க்கட்சி ஆசனத்தில் அமர நேர்ந்த மனிதர் ஒருவரின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர்க்கு, அரசியலில் வெற்றி என்பது எது, தோல்வி என்பது எது என்னும் பழைய கேள்வி புதிய கடுமையோடு எதிர்ப்படுகிறது. பிரிட்டிஷ் கயானா என்று வழங்கிப் பின்னர் கயானா எனப் பெயர் பெற்ற நாட்டின் தலைவர் செட்டி ஜெகன் 1964 டிசம்பர் முதல் 1992 அக்டோபர் வரை, ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள், எதிர்க்கட்சித் தலைவராகவே வாழ்ந்தார். இந்நெடுங்காலம் அவர்மீது பிறர் சுமத்தியதா, அவர் தாமே தம் கொள்கைப் பிடிவாதத்தால் தேடிக்கொண்டதா, அதைக்கொண்டு அவர் செய்து முடித்தது என்ன என்பனவே இங்கு ஆராய எடுத்துக்கொண்டவை.

தென் அமெரிக்கக் கண்டத்தின் வடகரையில் அமைந்திருந்தாலும் மொழியாலும் சரித்திரத்தாலும் கிரிக்கெட் பற்றாலும் கயானா கரீபியத் தீவுகளோடு சேர்ந்த நாடு. ஜனங்களில் பெரும்பாலோர், டச்சுக்காரர் காலம் முதல் அணைகளாலும் மதகுகளாலும் காக்கப்பட்டு வரும் குறுகிய கடற்கரைப் பட்டியில், கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குத் தாழ்ந்து கிடக்கும் நிலத்தில் வாழ்கின்றனர். அந்நிலத்தை முதலில் சீராக்கியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அடிமை முறை ஒழிந்தபின் 1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டனர். கல்கத்தாத் துறைமுகம் வழியே வந்தவர்களே மிகப் பலர். சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள் சிறு தொகையினர். எனினும் கொரந்தைன் கரையோரத் தோட்டங்களில் 'மதராசி' என்ற பெயரும் அம்மன் வழிபாடும் இன்றளவும் அவர்கள் வழியாகவே நிலைத்திருக்கின்றன. சுதந்திரத்துக்கு முந்திய காலத்தில் ஜனத்தொகையில் பாதியை ஒட்டி இந்திய வம்சாவளியினரும், மூன்றில் ஒரு பங்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இருந்தனர் என்ற ஒரு செய்தியை மனத்தில் இருத்தாமல் ஜெகனின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியையும் விளங்கிக்கொள்ள இயலாது.

கூலிக் கப்பல்கள் நின்ற மறு ஆண்டு, 1918 மார்ச் 22 அன்று, பெர்பீஸ் பகுதியில் போர்ட் மொரான்ட் என்ற கரும்புத் தோட்டத்தில் ஜெகன் பிறந்தார். ரோஹன் கன்ஹாய் முதலிய கிரிக்கெட் வீரர்களைப் பின்னாளில் உலகுக்கு அளித்த தோட்டம் அதுவே. அவருடைய பெற்றோர் இருவரும் 1901-ஆம் ஆண்டில், ஐக்கிய மாகாணத்து பஸ்தி ஜில்லாவிலிருந்து, தத்தம் தாய்மாரோடு குழந்தைகளாக வந்து சேர்ந்தவர்கள். தந்தை கரும்பு வெட்டும் வேலையிலிருந்து கங்காணியாக உயர்ந்தார். தோட்டத் துரையின் மாளிகை ஒருபுறமும் தொழிலாளர் லயங்கள் மறுபுறமுமாக, ஒருவரே அரசரும் நீதிபதியும் வழக்குத் தொடுப்பவருமாக விளங்கிய அவ்வுலகின் அமைப்பு, அரசியல் நூல் எதையும் படிக்குமுன்பே ஜெகனின் உள்ளத்தில் பதிந்துவிட்டது. ஜார்ஜ்டவுன் குயின்ஸ் கல்லூரியில் பயின்றபின், 1936-இல் பல் மருத்துவம் கற்க அமெரிக்கா சென்றார். வாஷிங்டனில் கறுப்பர்களுக்கென அமைந்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள், பின் சிகாகோ நகரின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் எனக் கூலி வேலைகள் செய்துகொண்டே படித்து 1942-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில், செவிலியர் பயிற்சி பெற்று வந்த ஜேனட் ரோசன்பர்க் என்ற யூதப் பெண்ணை மணந்து தாய்நாடு திரும்பினார். இவ்வம்மையார் கணவரின் நிழலாக வாழ்ந்தவர் அல்லர். கட்சியின் முதல் பொதுச் செயலாளராயிருந்து, கணவரின் மறைவுக்குப் பின் நாட்டின் அதிபராகவும் ஆனவர்.

1946-இல் ஜெகன் தம்பதியர், ஆஷ்டன் சேஸ் முதலிய நண்பர்களோடு அரசியல் விவகாரக் குழு என்ற சிறு சபையை ஏற்படுத்தினர். 1947-இல் ஜெகன் மத்திய டெமரேரா தொகுதியிலிருந்து சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சபைக்குள் தனியொருவராக நின்ற அவரை நாடெங்கும் தலைவராக்கியது மறு ஆண்டில் நிகழ்ந்த ஒரு கோரம். கரும்பை வெட்டியவனே அதைப் படகிலும் ஏற்ற வேண்டும் என்ற புதிய முறையை எதிர்த்தும், தோட்ட முதலாளிகள் ஏற்றுக்கொண்ட சங்கத்தை விலக்கித் தாங்கள் விரும்பிய சங்கத்தை அங்கீகரிக்கக் கோரியும் எழுந்த வேலைநிறுத்தத்தில், 1948 ஜூன் 16 அன்று என்மோர் தோட்டத்தில் போலீசார் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களின் உடல்களைச் சுமந்து பல மைல் தூரம் ஜார்ஜ்டவுனுக்குச் சென்ற ஊர்வலத்தில் முன்னின்று நடந்த ஜெகன், தம் வாழ்நாளை இம்மக்களின் விடுதலைக்கே அர்ப்பணிப்பதென்று அந்தச் சமாதிகளின் அருகில் மௌனமாகப் பிரதிக்ஞை செய்துகொண்டதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தலைவர்களின் சுயசரிதைகளில் காணும் பிரதிக்ஞைகளையெல்லாம் அப்படியே நம்பிவிடுதல் கூடாது. ஆனால் இது காக்கப்பட்டது. அத்தோட்டத் தொழிலாளர் விரும்பிய சங்கத்தின் வழிவந்த கயானா விவசாய, பொதுத் தொழிலாளர் சங்கம் 1975-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் ஏறக்குறைய எல்லா வாக்குகளையும் பெற்று மறு ஆண்டு அங்கீகாரம் அடைந்தது. இடையே சென்ற கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் பெரும்பகுதி அவர் அதிகாரமின்றி இருந்த காலம்.

1950-ஆம் ஆண்டின் முதல் நாளன்று மக்கள் முற்போக்குக் கட்சி தோன்றியது. தலைவர் ஜெகன், அவைத் தலைவர், லண்டனில் சட்டம் பயின்று திரும்பிய ஆப்பிரிக்க வம்சாவளி வழக்கறிஞர் போர்ப்ஸ் பர்ன்ஹாம். கரும்புக் காட்டு இந்தியரும், நகரத்திலும் பாக்ஸைட் சுரங்கங்களிலும் உழைத்த ஆப்பிரிக்கரும் ஒரே கொடியின் கீழ் நின்ற காலம் அதுதான். அதற்குப் பின் அந்நாட்டில் அக்காட்சி அவ்வளவு முழுமையாகக் காணப்படவே இல்லை என்று வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. 1953 ஏப்ரலில் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் தேர்தலில் அக்கட்சி 24 இடங்களில் 18-ஐ வென்றது. மந்திரி சபை 133 நாட்களே நீடித்தது. குத்தகை விவசாயிகளுக்குப் பாதுகாப்பு, தொழிலாளர் விரும்பும் சங்கத்தை முதலாளிகள் ஏற்க வேண்டுமென்ற சட்டம் ஆகியவற்றைக் கொண்டுவர முயன்றதே அதன் பெருங்குற்றமாயிற்று. அச்சட்டமோ அமெரிக்காவிலேயே அமலிலிருந்த ஒரு சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அக்டோபர் 9 அன்று சர்ச்சில் அரசாங்கம் சேனையை இறக்கி, கம்யூனிஸ்ட் சதி என்று காரணம் காட்டி, அரசியல் சாசனத்தையே நிறுத்திவைத்தது. ஜெகனும் பர்ன்ஹாமும் லண்டன் சென்று முறையிட்டு, அங்கிருந்து இந்தியாவுக்கும் வந்து நேருவைச் சந்தித்தனர். திரும்பிய ஜெகன், ஜார்ஜ்டவுன் எல்லையைத் தாண்டக்கூடாதென்ற உத்தரவை மீறி 1954-இல் சிறை புகுந்தார்.

1955-இல் கட்சி பிளந்தது. பிளவுக்குக் காரணம் பர்ன்ஹாமின் பதவி வேட்கையே என்பர் ஜெகனின் அன்பர்கள். ஜெகனின் கம்யூனிஸப் பற்றே என்பர் மற்றையோர். சாசனம் நிறுத்தப்பட்ட சூழ்நிலையை ஆராய ஆங்கில அரசு அனுப்பியதும், கட்சித் தலைவர்களை மிதவாதிகள் என்றும் தீவிரவாதிகள் என்றும் தரம் பிரித்துக் காட்டியதுமான ராபர்ட்சன் கமிஷனின் அறிக்கையைப் பார்க்கும்போது, அப்பிளவை ஆங்கிலேயர் எவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்திருந்தனர் என்பது தெளிவாகும். ஆயினும் ஜெகனின் பங்கை மறைப்பது நேர்மையன்று. 1956-இல் அவர் கட்சி மாநாட்டில் படித்த உரையில், மேற்கிந்தியக் கூட்டரசில் சேர்வதை இந்திய வம்சாவளியினர் அஞ்சுவதைக் கணக்கில் கொண்டு தயக்கம் காட்டியதோடு, கட்சியின் தீவிர இடதுசாரிகளையும் கடிந்துகொண்டார். கவிஞர் மார்ட்டின் கார்ட்டர், சிட்னி கிங் முதலிய சிறந்த தோழர்கள் விலகினார்கள். பர்ன்ஹாமோடு போகாமல் ஜெகனிடமே நின்ற ஆப்பிரிக்க வம்சாவளி இளைஞர்களை இழந்தது, பர்ன்ஹாமை இழந்ததைவிடப் பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம். அடுத்த தேர்தலில் 'அபான் ஜாத்', அதாவது நம் இனத்தவனுக்கே நம் வாக்கு என்ற கோஷம் இந்தியக் கிராமங்களில் ஒலித்தது. அதை ஜெகன் உண்டாக்கவில்லை. ஆனால் அதன் பயன் அவர் கட்சிக்கே சென்றது. அதை அடக்க அவர் தம் செல்வாக்கு முழுவதையும் செலவிட்டார் என்றும் கூறுவதற்கில்லை.

1957-இலும் 1961-இலும் அவர் கட்சி வென்றது. 1961-இல் பிரதமராகி, அக்டோபர் 25 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியைக் கண்டு பொருளுதவி கோரினார். அதற்குச் சில நாட்களுக்கு முன் அமெரிக்கத் தொலைக்காட்சியில், தாம் கம்யூனிஸ்டா என்று திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டபோது, ஆம் என்றும் சொல்லாமல் அல்ல என்றும் சொல்லாமல் சுற்றி வளைத்து அவர் அளித்த விடைகள் கென்னடியின் மனத்தைக் கசக்கச் செய்துவிட்டன. காஸ்ட்ரோவின் கியூபா அப்போது வாஷிங்டனுக்கு ஆறாத புண். இன்னொரு கியூபா தென் அமெரிக்கக் கண்டத்தில் முளைப்பதைப் பொறுப்பதில்லையென்று கென்னடி முடிவு செய்தார். ஆங்கிலேய அரசு தயங்கித் தயங்கிப் பின் இணங்கியது. 1962 பிப்ரவரியில், பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனைப்படி அமைந்த வரவு செலவுத் திட்டத்தை எதிர்த்துக் கிளர்ந்த கூட்டம் ஜார்ஜ்டவுனின் மரக்கட்டிடங்களுக்குத் தீயிட்டது. 1963-இல் எண்பது நாள் நீடித்த பொது வேலைநிறுத்தத்துக்கு அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் வழியே உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.யின் பணம் பாய்ந்தது என்பது பின்னாளில் வெளியான ஆவணங்களால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியுள்ளது. இத்தனை அமளிக்கிடையிலும் அதே ஆண்டு அக்டோபரில் கயானா பல்கலைக்கழகத்தை அவர் தொடங்கினார். சொந்தக் கட்டடமின்றி மாலை வேளைகளில் இரவல் வகுப்பறைகளில் நடந்த அதனை ஜெகனின் இராப் பள்ளிக்கூடம் என்று எதிரிகள் ஏளனம் செய்தனர். அதில் பயின்றவர்களே பின்னர் அந்நாட்டின் நிர்வாகத்தை நடத்தினார்கள்.

அவர் வாழ்க்கையின் முடிச்சு விழுந்த இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், 1963 அக்டோபரில் லண்டனில் நடந்த மாநாட்டையே நான் காட்டுவேன். சுதந்திரத்துக்கு முன் எத்தகைய தேர்தல் முறை வேண்டும் என்பதில் ஜெகன், பர்ன்ஹாம், வணிகர்களின் பிரதிநிதியான பீட்டர் டி அகியார் ஆகிய மூவரும் உடன்படவில்லை. குடியேற்ற நாட்டு மந்திரி டங்கன் சாண்டிஸ், நீங்களே ஒன்றுபட முடியாவிட்டால் முடிவை என்னிடம் விட்டுவிடுங்கள் என்றார்; மூவரும் அவ்வாறே ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டனர். மாத இறுதியில் சாண்டிஸ் அளித்த தீர்ப்பு ஒவ்வொரு விஷயத்திலும் எதிர்த்தரப்புக்கே அனுகூலமாயிருந்தது. தொகுதி முறை போய் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தது. பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. சுதந்திரத்துக்கு முன் மற்றொரு தேர்தல் கட்டாயமாயிற்று. தம்மைச் சிறையிட்ட சாம்ராஜ்யத்தின் மந்திரியிடம் ஜெகன் ஏன் அந்தக் கையெழுத்தை இட்டார்? சுதந்திரம் தாமதமாகிவிடுமே என்ற தவிப்பு ஒன்று. அதைவிட ஆழமான காரணம், ஆங்கிலேயரின் ஏகாதிபத்தியத்தை வெறுத்த அவர், அவர்களது பாராளுமன்ற நியாய உணர்ச்சியில் மட்டும் கடைசிவரை நம்பிக்கை வைத்திருந்தார் என்பதாகும். மார்க்ஸியவாதி என்று உலகமே அஞ்சிய மனிதர், தம் எதிரிகளின் ஜனநாயகத்தை அவர்களைவிட மிகுதியாக நம்பியதால் வீழ்ந்தார்.

1964-ஆம் ஆண்டு, இரு இனத்தவரும் ஒருவரையொருவர் வெட்டியும் எரித்தும் மாய்த்துக்கொண்ட ஆண்டு. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; விஸ்மார் என்ற சுரங்க ஊரில் இந்தியர் குடியிருப்பே அழிந்தது. கலந்து வாழ்ந்த கிராமங்களிலிருந்து இரு தரப்பாரும் வீடுகளைப் பெயர்த்துக்கொண்டு தத்தம் இனத்தார் இருக்குமிடம் தேடிச் சென்றனர். டிசம்பர் தேர்தலில் ஜெகனின் கட்சிக்கு முந்திய தேர்தலைவிட அதிகமாக, நூற்றுக்கு 45.8 வாக்குகள் கிடைத்தன. இடங்களோ 53-இல் 24. பர்ன்ஹாமின் கட்சியும் டி அகியாரின் கட்சியும் கூடி 29 இடங்களோடு பர்ன்ஹாமைப் பிரதமராக்கின. ஏமாற்றப்பட்டோமே அன்றித் தோற்கவில்லை என்று கூறி ஜெகன் ராஜிநாமா செய்ய மறுத்தார். சாசனத்தையே அவசரமாகத் திருத்தி அவரை விலக்கினார்கள். சாண்டிஸின் ஏற்பாட்டை முன்பு கண்டித்திருந்த ஹெரால்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசாங்கத்தின் காலத்திலேயே இது நடந்தது. 1966 மே 26 அன்று சுதந்திரக் கொடி ஏறியபோது ஜெகனும் பர்ன்ஹாமும் கட்டித் தழுவிக்கொண்டனர். காண்போர் நெஞ்சை உருக்கிய அத்தழுவலுக்குப் பின் நிகழ்ந்தவை வேறு வகையின.

1968 தேர்தலில் வெளிநாடுகளில் வசிப்போர் என்று சேர்க்கப்பட்ட பல்லாயிரம் பெயர்களில் பெரும்பகுதி போலி என்பதை இங்கிலாந்தின் கிரானடா தொலைக்காட்சியே நேரில் விசாரித்துக் காட்டியது. 1973 தேர்தலில் இராணுவம் வாக்குப்பெட்டிகளைக் கைப்பற்றிச் சென்றது. பெட்டிகளைக் காக்க முயன்ற ஜெகன் கட்சித் தொண்டர் இருவர் கொரந்தைன் கரையில் சுடப்பட்டு இறந்தனர். 1978-இன் சர்வஜன வாக்கெடுப்பை எதிர்க்கட்சிகள் பகிஷ்கரித்தும், நூற்றுக்கு 97 பேர் ஆதரித்தனர் என்று அரசாங்கம் அறிவித்தது. அதன் விளைவான 1980 சாசனம் பர்ன்ஹாமைச் சகல அதிகாரமும் படைத்த அதிபராக்கியது. அவ்வாண்டு ஜூன் 13 அன்று சரித்திர அறிஞரும் உழைக்கும் மக்கள் கூட்டணியின் தலைவருமான வால்ட்டர் ராட்னி வெடிகுண்டுக்கு இரையானார். ஜெகனின் கட்சிப் பத்திரிகையான மிர்ரருக்கு அச்சுக்காகிதம் இறக்குமதி செய்யவும் அனுமதி மறுக்கப்பட்டது.

இத்தகைய ஆட்சியின் கீழ் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் செய்யத்தக்கது யாது? ஆயுதமேந்துதல் ஒரு வழி. அக்காலத்து லத்தீன் அமெரிக்காவில் அது அரிய வழியும் அன்று. ஜெகனைப் பின்பற்ற ஆயிரக்கணக்கான கரும்புத் தொழிலாளர்களும் இருந்தனர். ஆயினும் 1964-இன் ரத்தத்தைக் கண்ட அவர், கயானாவில் எந்தத் துப்பாக்கியும் வர்க்கத்தை நோக்கிச் சுடாது, இனத்தை நோக்கியே சுடும் என்பதை அறிந்திருந்தார் போலும். அவர் கிராமம் கிராமமாகச் சென்றார், கூட்டங்கள் நடத்தினார், துண்டுப் பிரசுரங்கள் எழுதினார், வெல்ல முடியாதென்று தெரிந்த தேர்தல்களிலும் வேட்பாளர்களை நிறுத்தினார். 1973-க்குப் பின் சில ஆண்டுகள் பாராளுமன்றத்தைப் பகிஷ்கரித்தவர், 1975-இல் அரசாங்கத்துக்கு விமரிசனத்தோடு கூடிய ஆதரவு என்ற கொள்கையை அறிவித்து, பின்னர் மீண்டும் சபை புகுந்தார். பாக்ஸைட்டையும் சர்க்கரையையும் தேசியமயமாக்கிய பர்ன்ஹாமை எதிர்ப்பது எப்படி என்ற தடுமாற்றம் அதில் தெரிந்தது. திருடப்பட்ட வாக்குக்காகத் தொண்டர்கள் உயிர் கொடுத்து ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் அத்திருட்டால் விளைந்த ஆட்சிக்கு ஆதரவு கூறியது, எத்தனை நிபந்தனைகள் விதித்திருந்தாலும், பெரும் பிழை என்றே கருதுகிறேன்.

இங்கேதான் அவருடைய கொள்கைப் பற்றைப் பற்றிய விவாதம் வருகிறது. 1969-இல் மாஸ்கோவில் கூடிய கம்யூனிஸ்ட் கட்சிகளின் மாநாட்டில் கலந்துகொண்டு, அவர் தம் கட்சியை வெளிப்படையாக அந்த அணியில் சேர்த்தார். சரித்திர ஆசிரியர் கிளெம் சீச்சரன், தோட்டங்களின் பெரும்பகுதியை உடைமையாகக் கொண்ட புக்கர் கம்பெனியின் தலைவர் ஜாக் கேம்ப்பெல் செய்ய முன்வந்த சீர்திருத்தங்களைக்கூட ஜெகனின் மார்க்ஸியம் அவருக்குக் காட்டாமல் மறைத்தது என்று எழுதுகிறார். அமெரிக்கத் தலையீட்டை ஆராய்ந்த ஸ்டீபன் ராபே, குற்றத்தின் பெரும் பங்கை வாஷிங்டன்மீதே சுமத்துகிறார். இரண்டுமே உண்மை, ஆனால் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்தன என்பதே முக்கியம். பர்ன்ஹாமும் தேசியமயமாக்கினார், கியூபாவோடு உறவு பூண்டார், தம் நாட்டைக் கூட்டுறவுக் குடியரசு என்றார். இருந்தும் அமெரிக்கா அவரைச் சகித்துக்கொண்டதற்குக் காரணம், அவர் போனால் ஜெகன் வருவார் என்பதே. ஆகவே ஜெகனின் மாஸ்கோப் பற்று பர்ன்ஹாமின் கோட்டைக்கு மதிலாக நின்றது. அம்மதிலின் கற்களைத் தம் கைகளாலேயே அடுக்கியவர் ஜெகன் என்பதும் மறுக்க முடியாதது. அதே சமயம், தேர்தலில் வென்றபோதெல்லாம் அவர் நடத்திய ஆட்சி சாதாரணப் பாராளுமன்ற ஆட்சியே. ஒரு பத்திரிகையையும் அவர் மூடவில்லை, ஒரு தேர்தலையும் ஒத்திவைக்கவில்லை. வாயால் லெனினையும் செயலால் வெஸ்ட்மின்ஸ்டரையும் பின்பற்றிய அவரை, உலகம் வாயைக்கொண்டே தீர்மானித்தது.

1985-இல் பர்ன்ஹாம் இறந்தார். அவர் பின் வந்த டெஸ்மண்ட் ஹாய்ட் அவ்வாண்டு நடத்திய தேர்தலும் முறைகேடானதே. ஆனால் நாடு கடனில் மூழ்கிவிட்டது. சோவியத் வல்லரசு ஆட்டங்கண்டதோடு ஜெகனைக் குறித்த அமெரிக்கரின் பழைய அச்சமும் பொருளற்றதாயிற்று. 1990-இல் கென்னடியின் ஆலோசகராயிருந்த ஆர்தர் ஷ்லெசிங்கர், நியூயார்க்கில் ஜெகன் முன்னிலையிலேயே, முப்பதாண்டுகளுக்கு முன் தாம் ஆற்றிய பங்குக்காக வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கயானா சென்று, புதிய வாக்காளர் பட்டியலுக்கும், வாக்குச் சாவடியிலேயே எண்ணிக்கை நடத்துவதற்கும் ஹாய்டை இணங்க வைத்தார். எதிர்க்கட்சிகள் இருபது ஆண்டுகளாக மன்றாடிக் கேட்டு வந்தவை இவை. தம் கட்சிக்கு வெளியிலிருந்த ஆப்பிரிக்க வம்சாவளிப் பொறியாளர் சாம் ஹைண்ட்ஸைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு போட்டியிட்ட ஜெகன், 1992 அக்டோபர் 5 அன்று நூற்றுக்கு ஐம்பத்து மூன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார். அதிபராக அவர் பதவியேற்றது அக்டோபர் 9. ஆங்கிலேயர் அவருடைய முதல் மந்திரி சபையைக் கலைத்த அதே தேதி, முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து. அவருக்கு அப்போது வயது எழுபத்து நான்கு.

அவருடைய ஆட்சியைப் பற்றி நீள எழுத இடமில்லை. அது நான்கரை ஆண்டுகளே நீடித்தது. வறிய நாடுகளின் கடனை நீக்கி உலகத்துக்குப் புதிய மானுட ஒழுங்கு ஒன்று சமைக்க வேண்டுமென்று அவர் சர்வதேச சபைகளில் வாதாடினார். தம்மை வீழ்த்திய வேலைநிறுத்தக் காலத்தில் பங்குகொண்டிருந்த ஓர் அமெரிக்கத் தொழிற்சங்க அதிகாரியை 1994-இல் கிளின்டன் அரசாங்கம் கயானாவுக்குத் தூதராக அனுப்ப எண்ணியபோது, பகைமையின்றி, ஆனால் உறுதியாக மறுத்துவிட்டார். 1997 பிப்ரவரியில் இருதய நோய் கண்டு, வாஷிங்டனின் வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, மார்ச் 6 அன்று காலமானார். அவர் உடல் போர்ட் மொரான்ட் அருகில் எரியூட்டப்பட்டது.

குறை ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கண்டித்து வந்த 1980 சாசனத்தின் கீழேயே, அது அதிபருக்கு அளித்த அளவற்ற அதிகாரங்களோடேயே, அவரும் ஆண்டார். திருத்தம் பற்றிய பேச்சு எழுந்தும் முற்றுப் பெறவில்லை. 1992-இன் வாக்குகளும் பெரும்பாலும் 1964-இன் இன எல்லைகளையே பின்பற்றின. அவர் மறைந்த மறு ஆண்டின் தொடக்கத்தில் தலைநகரில் கலகம் மூண்டு, கரீபிய நாடுகளின் தலைவர்கள் வந்து சமரசம் செய்துவைத்த பிறகே சாசனத் திருத்த வேலை உண்மையாக ஆரம்பமாயிற்று. ஆனால் ஜிம்மி கார்ட்டரின் முயற்சியால் ஏற்பட்ட ஒரு விதி நிலைத்துவிட்டது. தேர்தல் கமிஷனின் தலைவரை அதிபர் தம் விருப்பம்போல் நியமிப்பதில்லை; எதிர்க்கட்சித் தலைவர் அளிக்கும் ஆறு பெயர்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் அவ்விதி பின்னர் அரசியல் சாசனத்திலேயே இடம் பெற்றது.